வயிறு ஒத்துக்கொள்ளாத நாய்க்கு வீட்டுச் சமையல்

கேள்வி (கோபிசெட்டிபாளையம்):
எங்கள் லேப்ரடாருக்குக் கடைத் தீவனம் ஒத்துக்கொள்ளாமல் அடிக்கடி வயிற்றுப்போக்கு ஏற்பட்டு, மலத்தில் சளியும் கலந்து வருகிறது. நாங்கள் உண்ணும் அரிசியும் பருப்புஞ்சாதத்தையே அதற்கும் கொடுக்கலாமா?

பதில் 1 (பெருந்துறை):
வேண்டாங்க. அதில் சேரும் சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. மேலே ஊற்றும் நெய்யும் நொந்த வயிற்றுக்கு ஆகாது. தோலும் கொழுப்பும் நீக்கிய கோழிக்கறியை உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்து, எலும்பை முற்றிலும் எடுத்துவிட்டு, குழைந்த சோற்றுடன் பிசைந்து, முதலில் தீவனத்தில் கால் பங்குக்கு மட்டும் ஈடாகக் கொடுத்து, 7 முதல் 10 நாள்களுக்குள் படிப்படியாக மாற்றுங்கள். கறிக்குழம்பு எலும்பை நாய்க்குப் போடுவது நம் பக்கத்து வழக்கம்தான்; ஆனால் வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

பதில் 2 (நாமக்கல்):
அதற்கு முன் மலப் பரிசோதனை செய்துவிடுங்கள். குடற்புழுவோ, ஜியார்டியா என்னும் நுண்ணிய குடல் ஒட்டுண்ணியோ இருந்தால் எந்தச் சோறும் பயன்தராது. இங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் காட்டலாம். மேலும், கறியும் சோறும் மட்டுமே மாதக்கணக்கில் தொடர்ந்தால் கால்சியம் குறைந்துவிடும் என்பதால், எடைக்கேற்ற கால்சியம் அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரத்தம் கலந்து போனாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் சோர்ந்து படுத்தாலோ அன்றைக்கே கொண்டுசெல்ல வேண்டும்.

கேட்டவர்:
நன்றிங்க. நாளைக் காலையில் மாதிரியை எடுத்துச் செல்கிறோம்.