கேமில் நம் பார்ட்டியில் (கூட வரும் குழுவில்) எல்லாரையும் நாமே ஆட்டுவித்தால், கதைக்குள்ள நாம யாரு?

பகடை_இருபது:
பால்டர்ஸ் கேட் 3 (2023) அருமையான கேம், மாத்துக் கருத்தே இல்லை. ஆனா சண்டை வந்தாலே எனக்கு ஒட்ட மாட்டேங்குது. முந்தின நிமிஷம் வரைக்கும் என் குழுவுல இருக்கற ஷேடோஹார்ட் தன்னோட ரகசியத்தை என்கிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு தயங்கிட்டு இருந்தா. இனிஷியேட்டிவ் (சண்டையில யார் முதல்லன்னு முடிவு பண்ற பகடை) விழுந்ததும் அவ எங்க நிக்கணும், எந்த மந்திரம் போடணும்னு நான்தான் முடிவு பண்றேன். என்னை நம்பாத ஒருத்தி எப்படி என் கைக்கு அடங்கி நிக்கிறா? மாஸ் எஃபெக்ட்ல (2007) ரெண்டு பேர் கூட வருவாங்க, உத்தரவு கொடுக்கலாம், ஆனா நான் நாயகன் ஷெப்பர்டா மட்டும்தான் இருப்பேன். அதுதான் எனக்கு வேணும்.

பழைய_சேவ்:
1998ல வந்த முதல் பால்டர்ஸ் கேட் ஆடிப் பாருங்க நண்பா. ஆறு பேர், ஸ்பேஸ்பாரைத் தட்டி நிறுத்தி ஆறு பேருக்கும் நாமதான் சொல்லணும். ஆனா மின்ஸ்க்ங்கற வீரனைக் குழுவுல சேர்த்தா, சிறைபட்ட தன் தோழி டைனஹீரை மீட்கப் போகணும்னு நிப்பான். இழுத்தடிச்சா கூட இருக்க மாட்டான். அவனுக்கு வெறி ஏறிட்டா நம்ம கிளிக் எதுவும் செல்லாது, பக்கத்துல நிக்கிறது நம்ம ஆளா இருந்தாலும் வெட்டுவான். பயந்தவனும் அப்படித்தான், மொரேல் (மனத்தைரியம்) போச்சுன்னா ஓடிடுவான். எல்லாரும் என் கையில இருந்ததாலதான் ஒருத்தன் நழுவும்போது அவன் யாருன்னு தெரிஞ்சுது.

முழுநிலா:
பெர்சோனா 3 (2006) பத்தி யாரும் பேசலையே? நாயகனை மட்டும்தான் நாம ஆட்டலாம், மத்தவங்களுக்குப் பொதுவா ஒரு உத்தி சொல்லலாம், அவ்வளவுதான். பாஸ் (பெரிய எதிரி) சண்டையில உயிர் ஊசலாடும், குழுவுல இருக்கற மிட்சுரு வசிய மந்திரத்தையே திரும்பத் திரும்பப் போட்டுட்டு இருப்பா. 2009ல பிஎஸ்பிக்கு (சோனியோட கையடக்க கேம் கருவி) வந்தப்போ எல்லாருக்கும் நேரடி கட்டளை கொடுக்கற வசதி கொடுத்தாங்க, 2024ல வந்த ரீலோட்ங்கற மறு உருவாக்கத்துலயும் இருக்கு.

பகடை_இருபது:
எரிச்சலா இருந்துச்சு, ஒத்துக்கிறேன். ஆனா அந்தப் பசங்க ஒரே டார்ம்ல (மாணவர் விடுதி) ஒண்ணா இருந்தாலும் ஆளாளுக்கு ஒரு புத்தி. கதை முழுக்க அதைத்தானே சொல்லுது? சண்டையிலயும் அப்படி இருக்கறதுதான் சரி. சரியா வேலை செய்யலைன்னா டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ் (2009) மாதிரி முன்கூட்டியே விதி எழுத விடுங்க. கூட்டாளியோட ஹெல்த் இவ்வளவுக்குக் கீழ போனா குணப்படுத்துன்னு சொல்லி வச்சுட்டா, நடுவுல நான் தலையிடவே வேண்டாம்.

பழைய_சேவ்:
அதே டிராகன் ஏஜ் 2024ல எங்க போய் நின்னுச்சு பாருங்க. அந்த வருஷம் அதே வரிசையில வந்த வெயில்கார்ட்ல நம்மகூட வர்றது ரெண்டே பேர், அவங்களை நேரா ஆட்ட முடியாது. சரி. ஆனா அவங்களுக்கு ஹெல்த் பாரும் இல்லை, சாகவும் மாட்டாங்க! எனக்கு அவங்க மேல அக்கறை எங்கிருந்து வரும்? நீங்க ஷேடோஹார்ட்டைச் சொன்னீங்க. (ஸ்பாய்லர்) இரண்டாவது ஆக்ட் (பாகம்) கடைசியில, ஈட்டியால கொல்ல வேண்டிய கைதி நைட்சாங் முன்னாடி அவ நிக்கும்போது, நாம குறுக்கிடாம முடிவை அவகிட்டயே விட்டுடலாம். ஈட்டியை அவ தூக்கி எறிஞ்சப்போ நான் சீட்டை விட்டு எழுந்துட்டேன். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு டர்ன்லயும் அவ உயிரைக் காப்பாத்தினவன் நான்.

பகடை_இருபது:
எனக்கும் அந்தக் காட்சிதான் உச்சம், நான் தலையிடாம இருந்ததாலதான். சண்டையிலயும் மத்த மூணு பேரை ஏஐகிட்ட (கணினியே ஆட்டற மாதிரி) விட ஒரு ஆப்ஷன் வச்சிருக்கலாம். இல்லாததுதான் என் குறை.

பழைய_சேவ்:
வச்சா நான் ஆன் பண்ண மாட்டேன். ஃபயர்பால் (நெருப்புப் பந்து மந்திரம்) எங்க விழணும்னு அடுத்தவங்க முடிவு பண்ற கேமை நான் ஆடத் தயாரில்லை.