86 மாடல் புல்லட்: சிபி பாயிண்ட்டோட ஓட்டவா, எலக்ட்ரானிக் இக்னிஷன் மாத்தவா?

செங்கோட்டை350:
அண்ணாச்சிமாரே ஒரு யோசனை கேக்கேன். வண்டி 86 மாடல் புல்லட் 350, காஸ்ட் அயர்ன், கியர் வலது பக்கம், 12 வோல்ட்டு, இக்னிஷன் இன்னும் பழைய சிபி பாயிண்ட்தான் (கான்டாக்ட் பிரேக்கர், கேம் சுத்தச் சுத்த திறந்து மூடி பிளக்குல பொறி வர வைக்கிற சுவிட்ச்). நமக்கு ரப்பர் ஷீட் யாவாரம், அதனால புளியரை வழியா ஏறி ஆரியங்காவு, தென்மலை, புனலூர்னு அடிக்கடி போயிட்டு வாரது இந்த வண்டியிலதான். போகும்போது ஒரு தொந்தரவும் இல்ல, திரும்பி வாரப்போ கழுதுருட்டி பதிமூணு கண்ணுப் பாலத்துக்கிட்ட ஏத்தத்துல இன்ஜின் நல்லா சூடானதும் மிஸ்ஸிங் ஆரம்பிச்சு பொட்டுன்னு நின்னுருது, ஒரு டீ குடிச்சிட்டு வந்து மிதிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. ஜூன் மாசம் சாரல் வேற ஆரம்பிச்சிரும், ஈரத்துல காலையில பத்து மிதி மிதிக்கணும்.

இங்க ஒரு கடையில லோக்கல் கிட் ஒண்ணு காட்டுதாவ, பாயிண்ட்ட கழட்டிட்டு சென்சர் மாட்டுறது. நெட்டுல பாத்தா இங்கிலாந்து போயர் பிரான்ஸ்டன், நியூசிலாந்து பாஸான், ஆஸ்திரேலியா ட்ரை ஸ்பார்க்னு பழைய பிரிட்டிஷ் வண்டிக்குன்னே போடுறாங்க, ஆனா கஸ்டம்ஸோட சேத்தா கையக் கடிக்கி. எத வாங்கலாம்?

தென்காசி ஒர்க்ஷாப்:
தம்பி, எதையும் வாங்காதீக இப்போதைக்கு. சூட்டுல நின்னு ஆறுனதும் ஓடுற வண்டின்னா மொத சந்தேகம் கண்டன்சர் (பாயிண்ட் கருகாம காக்குற சின்ன உருளை), அடுத்தது காயில் (பிளக்குக்கு பெரிய வோல்ட்டு குடுக்குறது). சாயங்காலம் இருட்டுனதும் பாயிண்ட் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் மூடியக் கழட்டிட்டு சூடான இன்ஜின ஐடில்ல ஓட விட்டு பாயிண்ட்டையே பாருங்க. சின்னதா ஊசி முனை கணக்கா நீலப் பொறி வந்தா பரவால்ல, மஞ்சளா பெருசா சடசடன்னு பொரிஞ்சிக்கிட்டே இருந்தா கண்டன்சர் போச்சு, பாயிண்ட் முகத்துல ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமா இருக்கும் பாருங்க. இது கிட்டு காசுல பத்துல ஒரு பங்கு கூட ஆகாது.

அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டு. மேல இருக்க கேம விரல்ல புடிச்சு அப்படி இப்படி ஆட்டுங்க, ஆட்டும்போது பாயிண்ட் கேப்பு கூடிக் குறைஞ்சா ஷாஃப்ட்டத் தாங்குற புஷ் தேஞ்சிருக்கு. அதுக்கு மேல என்ன கிட்டக் கொண்டுவந்து வச்சாலும் டைமிங் ஆடத்தான் செய்யும், சென்சருக்கு பாயிண்ட் அளவு கேடு இல்லங்கிறது நெசம், ஆனா ஆடுற ஷாஃப்ட்டு ஆடுற ஷாஃப்ட்டுதான். கீழ இருக்க அட்வான்ஸ் வெயிட் (வேகம் கூடக் கூட விரிஞ்சு பொறிய முன்னாடியே வர வைக்கிறது) ரெண்டும் துருப்பிடிச்சு விரிஞ்ச வாக்குலயே ஒட்டிக்கிட்டா ஏத்தத்துல நாக்கிங், அதாவது இன்ஜின்ல டக்டக்னு சத்தம் வரும், ஸ்ப்ரிங் தளந்துட்டா ஐடில் நிக்காது.

இதெல்லாம் பாத்தப்புறம் கேப்பு 0.35ல இருந்து 0.40 மில்லிக்குள்ள வச்சு, டைமிங் ஃபுல் ரிடார்டுல (வெயிட் விரியாம இருக்கும்போது) டிடிசிக்கு, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடத்துக்கு, 0.8 மில்லி முன்னாடி. பிஸ்டன் கம்ப்ரஷன்லதான் மேல வந்திருக்கான்னு பாத்துக்கிடுங்க, வால்வத் தள்ளுற ரெண்டு புஷ் ராடும் விரல்ல லேசா சுத்தணும். பாயிண்ட் நடுவுல சிகரெட் அட்டைக்குள்ள வர்ற மெல்லிசுத் தாள சொருகி லேசா இழுத்துக்கிட்டே பிளேட்ட திருப்புனா, தாள் கையோட வர்ற இடந்தான் பாயிண்ட் திறக்குற இடம். பாயிண்ட்ல கேம் மேல உரசுற ஃபைபர் ஹீல்ல ஒரு பொட்டு கிரீஸ் வைங்க, வைக்காம விட்டா ஹீல் தேஞ்சு கேப்பு குறைஞ்சு டைமிங் தானா லேட் ஆகிரும், வண்டி இழுக்கலன்னு கார்பரேட்டர நோண்டிக்கிட்டு கிடப்பீக.

மார்த்தாண்டம்_டீக்கடை:
அண்ணன் சொன்னது ஒக்கே செரிதான், ஆனா பாயிண்டே கதின்னு இருக்காண்டாம் கேட்டியளா. நான் டிஜிட்டல் கிட் போட்டுதான் களியக்காவிளை, நெய்யாற்றின்கரைன்னு மழையோட மழையா ஓட்டிட்டு கிடக்கேன், ஐடில் கடிகாரம் மாதிரி நிக்குது.

மக்கா, கடையில எலக்ட்ரானிக்னு சொல்லி விக்கது எல்லாம் ஒரே சாதனம் இல்ல. ஒண்ணு பாயிண்ட் அப்படியே இருக்கும், அதுல போற கரண்ட் மட்டும் கொறஞ்சு டிரான்சிஸ்டர் காயில அடிக்கும், கண்டன்சர் வேண்டாம், பாயிண்ட் கருகாது, ஹீல் மட்டும் தேயும். இன்னொண்ணு உனக்கு காட்டுன மாதிரி, பாயிண்ட்டுக்கு பதிலா சென்சர், ஆனா அட்வான்ஸ் பழைய வெயிட்டும் ஸ்ப்ரிங்கும்தான், அது மோசமா இருந்தா கிட்டும் மோசம். மூணாவதுதான் முழுசு, வெயிட்டு மொத்தத்தையும் எடுத்துப் போட்டு அட்வான்ஸ கிட்டோட வர்ற எலக்ட்ரானிக் பாக்ஸே கணக்குப் பண்ணும். நீ சொன்ன ஃபாரின் கிட்டுக இந்த வகை. காசு குடுக்கதா இருந்தா இதுக்குக் குடு, நடுவுல உள்ளத விட்டுரு, அது எனக்குப் புடிக்கல.

வாங்குததுக்கு முன்னாடி கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, எத்தன வோல்ட்டு வரைக்கும் எறங்குனாலும் ஸ்பார்க் குடுக்கும்? பேட்டரி வீக்கான வண்டிய பாயிண்ட்ல எப்படியாவது ஓட்டி வீடு சேந்துரலாம். பழைய அனலாக் பாக்ஸுக்கு வோல்ட்டு கொறஞ்சா ஸ்பார்க் நேரங்கெட்ட நேரத்துல வரும், புல்லட் கிக்கர் திருப்பி அடிச்சா கணுக்கால் என்ன ஆவும்னு உனக்கே தெரியும்.

இன்னொரு நஷ்டம் உண்டு, யாரும் சொல்ல மாட்டாங்க. சாவி போட்டு கிக்கர மெதுவா அமுக்கும்போ ஆம்பியர் மீட்டர் முள்ளு டிஸ்சார்ஜ் பக்கம் போய், பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும் இல்லியா, அத வச்சுதான நாம டிகம்ப்ரஷர (கம்ப்ரஷன வெளிய விடுத லிவர்) அமுக்கி பிஸ்டன தாண்ட விட்டு மிதிக்கோம். முழு எலக்ட்ரானிக் போட்டா அந்த முள்ளு அப்படி சொல்லாது, காலுக்குத் தெரியுத கம்ப்ரஷன வச்சுதான் இடம் புடிக்கணும். பழகிட்டா ஒண்ணுமில்ல.

புனலூர் யெஸ்டி:
எங்கிட்ட இருக்கது புல்லட் இல்ல, யெஸ்டி, மைசூர் ஐடியல் ஜாவா வண்டி. 6 வோல்ட் டைனமோவ தூக்கிட்டு செக் நாட்டு வேப் கிட் போட்டா ஒரே அடியில காந்த ரோட்டர், ஸ்டேட்டர், 12 வோல்ட், இக்னிஷன் எல்லாம் மாறிரும், பேட்டரி செத்தாலும் வண்டி ஓடும். நீங்க சொல்ற புல்லட் கிட் எல்லாம் பேட்டரிய நம்பி நிக்கிறது, அதனால யெஸ்டிக்காரன் சொன்னான்னு கண்ணமூடிட்டு எலக்ட்ரானிக் போடாதீங்க, ரெண்டும் வேற வேற. உங்க பேட்டரி, சார்ஜிங் நிலைமை என்ன அதச் சொல்லுங்க முதல்ல.

செங்கோட்டை350:
நன்றி எல்லாருக்கும். இருட்டுல பாத்தேன், அண்ணாச்சி சொன்ன மஞ்சப் பொறியேதான், சடசடன்னு. கண்டன்சர் மாத்தியாச்சு, ஆரியங்காவு ஏத்தம் நிக்காம வந்துட்டு. ஷாஃப்ட் லேசா ஆடுது, கேப்பும் மாறுது. பேட்டரி நிக்கும்போது 12.6, ஹெட்லைட் போட்டு ஐடில்ல 12.2, கொஞ்சம் முறுக்குனா 13.9. ஆனாலும் மழைக்கு முன்னாடி எலக்ட்ரானிக் போட்டுரணும்னு மனசு கிடந்து அடிக்கி. அண்ணாச்சி திட்டாதீக.

தென்காசி ஒர்க்ஷாப்:
திட்டுறதுக்கு என்ன இருக்கு, உங்க வண்டி உங்க காசு. சார்ஜிங் பழுதில்ல, ஐடில்ல எறங்குறது இந்த ஆல்டர்னேட்டருக்கு சகஜம். ஆனா புஷ் மாத்தாம கிட் மாட்டாதீக, லேத்துல குடுத்தா கடைஞ்சு தருவாவ. என்னையக் கேட்டா புது புஷ்ஷு, நல்ல கண்டன்சரு, மூடிக்கு ஒரு ரப்பர் கேஸ்கட்டு போட்டா சாரல்லயும் பாயிண்ட் ஓடும், ஆரியங்காவுல நடுராத்திரி நின்னாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் உப்புத்தாளும் போதும். பாக்ஸ் செத்தா அங்க யாரு வருவா?

மார்த்தாண்டம்_டீக்கடை:
அதுக்குத்தான் பழைய பாயிண்ட் பிளேட்டு, அட்வான்ஸ் யூனிட்டு, கண்டன்சர் எல்லாத்தையும் ஒரு டப்பாவுல போட்டு டூல் பாக்ஸ்ல வச்சிரணும்னேன். வயரையும் வெட்டாண்டாம், சாக்கெட் போட்டு எடு, ரோட்டுல அர மணிக்கூருல திரும்பவும் பாயிண்ட்டாக்கிரலாம். காயில் எத்தன ஓம்ஸ்னு கிட்டு தாள்ல போட்டிருக்கும், அதுக்குக் கொறஞ்ச காயில மாட்டுனா பாக்ஸ் சூடாகிச் சாவும். பிளக் கேப் ரெசிஸ்டர் உள்ளது, 5 கிலோ ஓம், அது கண்டிப்பா வேணும், இல்லன்னா பொறியில வர்ற டிஸ்டர்பன்ஸ் பாக்ஸையே கொழப்பும். பாக்ஸ இன்ஜின் சூடு படாத எடமா சீட்டுக்கடியில கட்டு. கடைசியில ஸ்ட்ரோப் லைட் (ஒவ்வொரு பொறிக்கும் மின்னுத டைமிங் லைட்) வச்சு, கிட்டுல சொன்ன ஆர்பிஎம்ல ஃபுல் அட்வான்ஸ் செரியா வருதான்னு பாக்கணும், தாள் சொருகுத வேலை இதுல நடக்காது.

செங்கோட்டை350:
புஷ் வேலைக்கு டிஸ்ட்ரிபியூட்டர கழட்டிக் குடுத்தாச்சு. இன்னொரு சந்தேகம், சைலன்சர் பிராக்கெட் விட்டிருக்கு, வெல்டு வைக்கணும், கிட் மாட்டுனதுக்கு அப்புறம் வச்சா ஏதும் ஆகுமா?

புனலூர் யெஸ்டி:
முன்னாடியே வச்சிருங்க. பின்னாடிதான் வைக்கணும்னா பாக்ஸ் சாக்கெட்டையும் பேட்டரி ரெண்டு டெர்மினலையும் கழட்டிட்டு வைங்க, வெல்டிங் எர்த்த சைலன்சர் மேலயே புடிக்கச் சொல்லுங்க.