எழுத்துபிழை மட்டும்தான் திருத்தினேன், லாக் வருவது நின்றுவிட்டது – அவசர உதவி!!

அரைத்தூக்கம் · இரவு 9.12
நண்பர்களே, அவசரம். எங்கள் லாக்கிங் (நிரல் தன் செய்திகளைப் பதிவு செய்வது) கான்ஃபிக் டாக்குமெண்டில் ஏகப்பட்ட எழுத்துபிழை. லீட் திருத்தச் சொன்னார் என்று உட்கார்ந்து கிட்டத்தட்ட நாற்பது இடம் திருத்தினேன். ஸ்பெல்லிங் தவிர ஒரு வரி கூடத் தொடவில்லை, சத்தியமாக. மாலையில் மெர்ஜ் ஆனது, அதிலிருந்து ஸ்டேஜிங்கில் (சோதனை சர்வரில்) லாக் இல்லை. டெஸ்டிங் டீம் என்னைத்தான் கை காட்டுகிறது. டாக்குமெண்டில் ஸ்பெல்லிங் திருத்தினால் லாக் எப்படி நிற்கும்? நாளைக் காலை டெமோ வேறு.

தேனிக்காரன் · 9.17
எந்த மொழி? எந்த லைப்ரரி? லாக் கோப்புக்குப் போகிறதா, கன்சோலுக்கா? "நின்றுவிட்டது" என்றால் முழுக்கவா, கொஞ்சமா? மருத்துவரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஜாவாகாப்பி · 9.20
லெவலில் (டீபக், இன்ஃபோ, வார்னிங், எர்ரர் என்று ஏறும் வரிசை) கை வைத்திருப்பீர்கள். லாக்பேக் என்ற ஜாவா நூலகத்தில் ரூட் (எல்லா லாக்கருக்கும், அதாவது செய்தி வாங்கும் பதிவாளருக்கும், மேலே இருப்பது) லெவலை இன்ஃபோ என்று அடிக்கும்போது இரண்டு எழுத்து இடம் மாறிவிட்டால் அது சண்டை போடாது, பேசாமல் டீபக் என்று எடுத்துக்கொண்டு கொட்டோ கொட்டென்று கொட்டும். இன்னொரு ஜாவா நூலகமான லாக்ஃபோர்ஜே 2-இல் ரூட் லாக்கரில் அதே தப்பைச் செய்தால் நேர்மாறு, எர்ரர் லெவலுக்குப் போய்விடும், இன்ஃபோ எல்லாம் காணாமல் போகும். உங்களுடையது இரண்டாவது வகை. எக்ஸ்எம்எல்லை ஒட்டுங்கள்.

மெய்யெழுத்து · 9.24
முதலில் தலைப்பு. "எழுத்துப்பிழை". ப் எங்கே? பிழை திருத்தக் கிளம்பியவரே ஒற்றை விழுங்கினால் நாற்பது இடத்தில் என்னென்ன செய்திருப்பாரோ. இரண்டாவது, டாக்குமெண்ட் வேறு, கான்ஃபிக் வேறு. விளக்கக் குறிப்பைத் திருத்தி எந்த சர்வரும் நின்றதில்லை. உங்கள் மெர்ஜோடு வேறு யாருடைய கமிட்டோ ஒட்டிக்கொண்டு போயிருக்கும். கிட் வரலாறு பார்க்கத் தெரியும்தானே? கேள்வி கேட்பதற்கு முன் அதைச் செய்திருக்கலாம்.

நள்ளிரவுஷிஃப்ட் · 9.29
தம்பி, ஸ்பெல்லிங்கை விடு. லாக் திடீரென்று நின்றால் நான் முதலில் பார்ப்பது லாக்ரொட்டேட். அது பழைய கோப்பை நகர்த்திவிட்டுப் புதிதாக ஒன்றை வைக்கும், ப்ராசஸ் அந்தப் பழையதையே கட்டிப்பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கும், நாம் புதியதைத் திறந்து வைத்துக்கொண்டு "வரவில்லையே" என்று அழுவோம். காப்பிட்ரங்கேட் (கோப்பை நகர்த்தாமல், நகலெடுத்துவிட்டு அதையே காலி செய்யும்) போட்டுப் பார். டிஸ்க் நிறைந்திருக்கிறதா என்றும் பார்.

அரைத்தூக்கம் · 9.41
பைத்தான். ஜாவா இல்லை. டிஸ்கில் பாதிக்கு மேல் காலி. கான்ஃபிக்கைப் படமாக ஒட்டியிருக்கிறேன்.

தேனிக்காரன் · 9.44
படத்தில் வலது பக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது, கறுப்புப் பின்னணியில் கருநீல எழுத்து. எனக்கு நாற்பத்தெட்டு வயது, தயவுசெய்து எழுத்தாகவே ஒட்டுங்கள். இன்னொன்று, மெய்யெழுத்து கேட்டதும் சரிதான்: டாக்குமெண்டுக்கும் ஓடுகிற சர்வருக்கும் என்ன உறவு? அதைச் சொல்லாமல் நகர முடியாது.

வாசல்திண்ணை · 9.46
எனக்கு பைத்தான் தெரியாது, ஆனால் ஒரு சந்தேகம். எழுத்துப்பிழைக்கு ப் உண்டு, சரி. "பிழை திருத்தம்" என்பதற்கு நடுவில் த் உண்டா? எங்கள் அலுவலகத்தில் "பிழைத்திருத்தப் பிரிவு" என்று பலகையே மாட்டியிருக்கிறார்கள்.

மெய்யெழுத்து · 9.49
"எழுத்து" வன்தொடர்க் குற்றியலுகரம், அதன் பின்னால் வல்லினம் வந்தால் மிகும். "பிழை திருத்தம்" பிழையைத் திருத்துவது, இரண்டாம் வேற்றுமைத் தொகை, அங்கே மிகாது. பள்ளிக்கூடத்தில் நடத்தியதுதான். பலகையை மாற்றச் சொல்லுங்கள்.

வாசல்திண்ணை · 9.51
இருக்கட்டுமே. த் போட்டால் பிழைத்து இருத்தல் என்று ஒரு பொருள் வருகிறதே. இன்று ராத்திரி இந்தத் தம்பிக்கு வேண்டியது அதுதான்.

தேனிக்காரன் · 9.52
😂 ஆனால் இழையைத் திசைதிருப்ப வேண்டாம்.

மெய்யெழுத்து · 9.53
மொழியைப் பற்றிப் பேசினால் திசைதிருப்பலா? ஒரு எழுத்து மாறினால் பொருள் மாறும் என்பதுதானே இந்த இழையே.

அரைத்தூக்கம் · 9.58
மன்னிக்கவும், சொல்ல விட்டுப்போயிற்று. டாக்ஸ் ஃபோல்டரில் ஒரு மாதிரி யாமல் (கான்ஃபிக் எழுதும் வடிவம்) கோப்பு இருக்கும். இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் அதைத்தான் அப்படியே காப்பி செய்து சர்வரில் வைக்கும், பைத்தான் லாக்கிங்கின் டிக்ட்கான்ஃபிக் அதைப் படிக்கும். எல்லா இடத்திலும் இப்படித்தானே என்று நினைத்துவிட்டேன். முழுக்கவும் நிற்கவில்லை. பேமெண்ட் மாட்யூலில் மட்டும்தான். அதிலும் வார்னிங், எர்ரர் வருகிறது, ஆனால் லாக் கோப்பில் இல்லை, சர்வர் கன்சோலில் மொட்டையாக வருகிறது, நேரம் மாட்யூல் பெயர் எதுவும் இல்லாமல். இன்ஃபோ சுத்தமாக இல்லை. மற்ற மாட்யூல்கள் பழையபடி ஒழுங்காக எழுதுகின்றன.

தேனிக்காரன் · 10.01
இதை 9.12-க்கே சொல்லியிருந்தால் இத்தனை நேரம் தூங்கப் போயிருப்போம்.

ஜாவாகாப்பி · 10.03
பைத்தான் என்றால் "டிசேபிள் எக்ஸிஸ்டிங் லாக்கர்ஸ்". அதன் இயல்பு மதிப்பு ட்ரூ. அந்தச் சாவியில் (கான்ஃபிக் வரியின் பெயரில்) கடைசி எஸ் விட்டுப்போனால் கூட அது கண்டுகொள்ளாது, ட்ரூ என்றே வைத்துக்கொண்டு, கான்ஃபிக் ஏற்றுவதற்கு முன்பே பிறந்த லாக்கர்களில் கோப்பில் பெயர் சொல்லாதவற்றை எல்லாம் ஊமையாக்கிவிடும். அதில் கை வைத்தீர்களா?

பழையபாம்பு · 10.09
ஜாவாகாப்பி, அது இல்லை. அப்படி ஊமையாக்கிய லாக்கர் எர்ரரைக் கூடச் சொல்லாது. இவருக்கு வார்னிங் வருகிறது. அது மொட்டையாக வருகிறது என்பதுதான் இங்கே பெரிய துப்பு. பைத்தான் 3.2 முதல் "லாஸ்ட் ரிசார்ட்" என்று ஒரு ஹேண்ட்லர் (லாக்கரின் செய்தியைக் கோப்புக்கோ கன்சோலுக்கோ கொண்டுசேர்ப்பது) உள்ளேயே உண்டு. ஒரு செய்தியை வாங்கிக்கொள்ள எந்த ஹேண்ட்லரும் இல்லை என்றால் அது வந்து வார்னிங்கும் அதற்கு மேலும் உள்ளதை மட்டும் ஸ்டாண்டர்ட் எர்ரரில், அதாவது கன்சோலில், எறியும், ஃபார்மேட் எதுவும் கிடையாது, வெறும் செய்தி. இன்ஃபோ அதன் வாசலைத் தாண்டாது. 2.7-இல் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், அப்போது "இந்த லாக்கருக்கு ஹேண்ட்லர் எதுவும் கிடைக்கவில்லை" என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு அமைதியாகிவிடும்.

ஆக உங்கள் பேமெண்ட் லாக்கருக்கு இப்போது ஹேண்ட்லரே இல்லை, ரூட்டுக்கும் வழி அடைபட்டிருக்கிறது. அந்த லாக்கர் பகுதியில் இருக்கிற வரிகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், படம் வேண்டாம். திருத்திய சொற்களையும் சொல்லுங்கள்.

அரைத்தூக்கம் · 10.16
மூன்றே வரி. லெவல்: இன்ஃபோ. ஹேண்ட்லர்: பேமெண்ட்ஃபைல். ப்ராபகேட்: ஃபால்ஸ்.
திருத்தியவை: ரிசீவ், அக்கரன்ஸ், செபரேட்டர், ப்ராபகேட் (பகேட் வர வேண்டிய இடத்தில் போகேட் என்று இருந்தது), டிபெண்டன்ட், ரெஃபரர், இன்னும் சில. எடிட்டர் சிவப்புக் கோடு போட்டதை எல்லாம் மாற்றினேன். ஹேண்ட்லருக்குக் கோடு வரவில்லை, தொடவும் இல்லை.

நள்ளிரவுஷிஃப்ட் · 10.18
அப்போது லாக்ரொட்டேட் இல்லை என்கிறீர்களா. எதற்கும் ஒரு தடவை பாருங்கள்.

பழையபாம்பு · 10.27
கிடைத்துவிட்டது. "ஹேண்ட்லர்" என்று ஒருமையில் எழுதியிருக்கிறது. டிக்ட்கான்ஃபிக் லாக்கர் பகுதியில் தேடுவது பன்மையை, "ஹேண்ட்லர்ஸ்". அதுவும் பட்டியலாக இருக்க வேண்டும். ஒருமையில் இருக்கும் சாவியை அது எட்டிக்கூடப் பார்க்காது, குறையும் சொல்லாது. அகராதியில் அது சரியான சொல், அதனால் சிவப்புக் கோடும் வரவில்லை.

இதுவரை எப்படி ஓடியது என்றால், இரண்டு தப்பு ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. எஸ் இல்லாததால் பேமெண்ட் லாக்கருக்குச் சொந்த ஹேண்ட்லர் என்றைக்குமே இருந்ததில்லை. ப்ராபகேட் (செய்தியை மேலே ரூட்டுக்கு அனுப்பலாமா என்பது) எழுத்துப்பிழையோடு இருந்ததால் ஃபால்ஸ் என்பதும் யாருக்கும் எட்டவில்லை, இயல்பான ட்ரூ தொடர்ந்தது, செய்தி மேலே ரூட்டுக்குப் போய் பொது லாக் கோப்பில் விழுந்தது. எல்லாரும் சரியாக இருக்கிறது என்று நம்பினார்கள். நீங்கள் ஒரு பிழையைத் திருத்தினீர்கள், ஃபால்ஸ் முதல்முறையாக உண்மையிலேயே ஃபால்ஸ் ஆனது, மேலே போகும் கதவு சாத்திக்கொண்டது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி. பேமெண்ட்ஃபைல் சுட்டும் கோப்பு சர்வரில் இருக்கும், ஆனால் 0 பைட்டாக இருக்கும். ஃபைல் ஹேண்ட்லர் பிறக்கும்போதே கோப்பைத் திறந்துவிடும் (டிலே கொடுத்திருந்தால் தவிர), யாரும் அதில் எழுதவில்லை, அவ்வளவுதான். இருந்தால் நான் சொன்னது சரி.

தேனிக்காரன் · 10.31
அருமை. ஒரு சந்தேகம், ஹேண்ட்லர் பகுதியில் ஃபைல்நேமைத் தப்பாக எழுதினால் எனக்கு உடனே வெடிக்கிறதே? "ஹேண்ட்லரை அமைக்க முடியவில்லை" என்று.

பழையபாம்பு · 10.34
ஆமாம், அங்கே எழுதுகிற சாவிகள் அப்படியே அந்தக் கிளாஸுக்கு ஆர்க்யுமெண்டாகப் போகும், தெரியாத பெயர் வந்தால் கிளாஸ் கத்தும். லாக்கர் பகுதியில் அது தனக்குத் தெரிந்த சாவிகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியை விட்டுவிடும். ஒரே கோப்புக்குள் இரண்டு குணம். எனக்கு இதில் அந்த நூலகத்தின் மேல் பழைய கோபமே உண்டு, வேறொரு நாள் பேசலாம். லாக்கிங்ட்ரீ என்று ஒரு சின்னப் பொதி இருக்கிறது, எந்த லாக்கருக்கு எந்த ஹேண்ட்லர், மேலே போகிறதா இல்லையா என்று மரமாக அச்சிட்டுக் காட்டும். கான்ஃபிக் மாற்றுகிறவர்கள் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கலாம்.

மெய்யெழுத்து · 10.37
விளக்கக் குறிப்பையே கான்ஃபிக்காகக் காப்பி செய்கிற கூத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மற்றபடி நான் சொன்னது நிற்கிறது.

வாசல்திண்ணை · 10.38
எது நிற்கிறது?

அரைத்தூக்கம் · 10.44
0 பைட். போன வருடத் தேதி. எஸ் சேர்த்துப் பட்டியலாக்கினேன், வருகிறது!! நன்றி பழையபாம்பு அண்ணா, எல்லாருக்கும் நன்றி. தூங்கப் போகிறேன்.

தேனிக்காரன் · 10.46
போகும் முன் டீமுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இனிமேல் பேமெண்ட் லாக் பொதுக் கோப்பில் வராது, தனிக் கோப்பில்தான் வரும். காலையில் பழைய இடத்தில் தேடிவிட்டு மறுபடி உங்களைக் கை காட்டுவார்கள்.

நள்ளிரவுஷிஃப்ட் · 10.52
இருங்கள் இருங்கள். பட்டியலில் "ரெஃபரர்" என்று ஒன்று பார்த்தேனே, அது எந்தக் கோப்பில்? என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் லாக் ஃபார்மேட்டிலா? அதைத் திருத்தக் கூடாது தம்பி! எந்தத் தளத்திலிருந்து வந்தார்கள் என்று ப்ரௌசர் சொல்லும் அந்த ஹெடரின் பெயரே பிழையோடுதான் பிறந்தது, நடுவில் இரண்டு ஆர் வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான். 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1945 என்ற இணைய ஆவணத்திலேயே அப்படித்தான் இருக்கிறது, உலகத்தில் உள்ள ப்ரௌசர் எல்லாம் அதைத்தான் அனுப்புகிறது. நீ இன்னொரு ஆர் சேர்த்தால் என்ஜின்எக்ஸ் அப்படி ஒரு ஹெடர் வரவில்லையே என்று அந்த இடத்தில் வெறும் கோடு போடும். அப்பாச்சியிலும் அதே கதிதான். எர்ரர் எதுவும் வராது. மாதக் கடைசியில் யாராவது "எந்தத் தளத்திலிருந்து வந்தார்கள்" என்று அறிக்கை கேட்கும்போதுதான் தெரியும்.

மெய்யெழுத்து · 10.58
பிழை என்று தெரிந்த பிறகும் முப்பது வருடமாக வைத்துக்கொண்டிருப்பது சோம்பேறித்தனம். திருத்தியிருக்க வேண்டும்.

நள்ளிரவுஷிஃப்ட் · 11.03
யார், எந்தெந்த சர்வரில், எத்தனை பேரிடம் சொல்லிவிட்டு? "ரெஃபரர் பாலிசி" என்று பின்னால் வந்த ஹெடரில் இரண்டு ஆர் போட்டுச் சரியாக எழுதினார்கள். என்ன ஆயிற்று? இன்றைக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, எதில் எத்தனை ஆர் என்று நான் ஒவ்வொரு தடவையும் தேடிப் பார்க்கிறேன்.

பழையபாம்பு · 11.06
யூனிக்ஸில் கோப்பு உண்டாக்கும் க்ரியேட் என்ற அழைப்பின் ஆங்கிலப் பெயரில் கடைசி ஈ இல்லை. மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அந்த ஈ-யைச் சேர்ப்பேன் என்றாராம் யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன். இன்னும் சேரவில்லை.

மெய்யெழுத்து · 11.09
அதைத்தான் நானும் சொல்கிறேன்.

பழையபாம்பு · 11.10
இல்லை, நீங்கள் வேறு சொல்கிறீர்கள்.

தேனிக்காரன் · 11.15
அரைத்தூக்கம், இருக்கிறீர்களா? டாக்குமெண்டில் உரைநடைப் பகுதியில் ரெஃபரரைத் திருத்தியிருந்தால் பரவாயில்லை. கான்ஃபிக் வரியில் என்றால் பழையபடியே மாற்றி, பக்கத்தில் "இது வேண்டுமென்றே இப்படி" என்று ஒரு குறிப்பும் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் உங்களைப் போலவே வந்து திருத்துவார்.

நள்ளிரவுஷிஃப்ட் · மறுநாள் காலை 11.40
தம்பி, டெமோ என்னாச்சு? ஆக்சஸ் லாக்கில் கோடு வருகிறதா?

நள்ளிரவுஷிஃப்ட் · மாலை 6.05
தம்பி?

மெய்யெழுத்து · மாலை 6.20
தலைப்பில் இன்னும் ப் வரவில்லை.