மறு: ‘கண்டின்ஜென்ட் டெமாக்ரட்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் அரசியல் கலைச்சொல் பட்டியலுக்காக ‘கண்டின்ஜென்ட் டெமாக்ரட்’ (contingent democrat), அதாவது நிலைமையைப் பொறுத்து ஜனநாயகத்தை ஆதரிப்பவர் அல்லது கைவிடுபவர் என்ற சொல்லுக்கு இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன். ‘தற்செயல் ஜனநாயகர்’ என்பதை இப்போதே அடித்துவிடலாம். அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டியதால் வந்த வினை அது. லாட்டரியில் பரிசு விழுந்தவரைப் போல ஒலிக்கிறது.

ஏற்காட்டு நண்பர் ‘சந்தர்ப்பவாத ஜனநாயகர்’ என்கிறார். அவருடைய கோபம் எனக்கும் உண்டு. ஆனால் கலைச்சொல்லே வசைச்சொல்லாகிவிட்டால் ஆய்வுக்கு முன்பே தீர்ப்பு எழுதியதாகிவிடும். அரசியல் ஆய்வாளர் ஈவா பெல்லின் 2000-இல் இந்த ஆங்கிலச் சொல்லை முதலாளிகளையும் தொழிலாளர்களையும் பற்றிப் பேசத்தான் கையாண்டார். தங்கள் நலனுக்கு ஒத்துவரும்போது ஜனநாயகத்தின் பக்கம் நிற்பார்கள், ஒத்துவராதபோது விலகுவார்கள் என்பது அவருடைய வாதம். நடுத்தர வர்க்கத்துக்கு அதைப் பொருத்தியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

எந்தச் சொல்லை எடுத்தாலும் பாங்காக்கில் வைத்து உரசிப் பாருங்கள். 1992 மே மாதத்தில், தேர்தலில் நிற்காமலே பிரதமரான ஜெனரல் சுசிந்தாவை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். கூட்டத்தில் கைபேசி வைத்திருந்த நகரத்தார் அவ்வளவு பேர் இருந்ததால் ‘கைபேசிக் கூட்டம்’ என்றே பெயர் விழுந்தது. ராணுவம் சுட்டது, சுசிந்தா பதவி விலகினார். அதே நகரத்தின் அதே வர்க்கத்தில் பெரும்பகுதி 2013-14-இல் தேர்தலே வேண்டாம் என்று சாலையை மறித்தது. 2014 பிப்ரவரியில் பல வாக்குச்சாவடிகள் திறக்கவே இல்லை. மே 22-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கிராமத்து வாக்குகள் முன்னாள் பிரதமர் தக்சினின் தரப்பையே திரும்பத் திரும்ப வெற்றிபெறச் செய்தன என்பதுதான் இடையில் நடந்தது.

சியோலில் 1987 ஜூனில் கழுத்துப்பட்டை கட்டிய அலுவலர்கள் மாணவர்களோடு சேர்ந்ததும், நேரடி அதிபர் தேர்தல் கோரிக்கைக்கு ஆட்சியாளர்கள் இறங்கிவந்ததும் எல்லோரும் சொல்லும் கதை. சிலியை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்கள் இடதுசாரி அதிபர் அயெந்தேவுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தபோது கடைக்காரர்களும் மருத்துவர்களும் பொறியாளர்களும் உடன் நின்றார்கள். அடுத்த செப்டம்பரில் ராணுவம் வந்தபோது அவர்களில் பலர் வரவேற்றார்கள்.

இப்போது ‘நிபந்தனை ஜனநாயகர்’. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிபந்தனை என்றால் ஒருவர் முன்கூட்டியே வாய்திறந்து விதிப்பது. பாங்காக் அலுவலர் 1992-இல் எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை. அப்படி ஒன்று தன்னிடம் இருப்பது அவருக்கே தெரிந்திருக்காது. ‘சூழ்நிலை ஜனநாயகர்’ என்றால் உடனே ‘சூழ்நிலைக் கைதி’ நினைவுக்கு வந்து, பாவம் அவர் என்ன செய்வார் என்று இரங்கத் தோன்றுகிறது. ‘சூழல்சார்’ என்றால் மரம் நடுபவர்.

என் பரிந்துரை: ‘நிலையொட்டிய மக்களாட்சியர்’. நிலைமையை ஒட்டி நடப்பது என்று நாம் பேசுவதுதான். புகழ்ச்சியும் இல்லை, பழியும் இல்லை. ‘நிலையொட்டிய ஆதரவு’, ‘நிலையொட்டிய கூட்டணி’ என்று பிற இடங்களுக்கும் நீளும். ஜனநாயகரா மக்களாட்சியரா என்ற பழைய சண்டையை இந்த இழையில் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதைவிடச் சிக்கலான சொல் ஒன்று காத்திருக்கிறது. ஒருவருடைய சம்பளமும் வீடும் பிள்ளைகளின் படிப்பும் அரசைச் சார்ந்திருந்தால் அவர் ஆட்சி மாற்றத்துக்கு அஞ்சுவார் என்பது இந்த ஆய்வுகளில் முக்கியமான காரணம். சீன நடுத்தர வர்க்கத்தைப் பற்றிய எழுத்தில் அடிக்கடி வரும். நம் வரைவுப் பட்டியலில் அதற்கு ‘அரசுச் சார்பு’ என்று போட்டிருக்கிறோம். செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் அது அரசை ஆதரிப்பது என்றே படும். சேலம் உருக்காலையைத் தனியாருக்கு விற்கும் முயற்சியை எதிர்த்து 2019-இல் போராடிய ஊழியர்கள் பொதுத்துறையை நம்பி வாழ்ந்தவர்கள்தான். அவர்களை அரசுச் சார்பினர் என்று எழுதினால் இரும்பாலைச் சாலையில் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் அரசிடம் சம்பளம் வாங்காதவர். ஆளுங்கட்சியை உயிராக ஆதரிப்பவராக இருக்கலாம். முன்னவர் சார்ந்திருப்பவர், பின்னவர் சார்பாளர். இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது.

‘அரசை அண்டிய’ என்று யோசித்தேன். அண்டிப் பிழைத்தல் என்ற வாடை வருகிறது. ‘அரசுவழி வாழ்வு’ கொஞ்சம் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை பட்டியலை முடிப்பதற்குள் வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
அழகாபுரத்திலிருந்து