கை நுழையாத இடத்தில் ஒரு போல்ட்

ஈரோடு, கார் ஒர்க்‌ஷாப்

போன வாரம் ஒரு கார் வந்தது. ஏசியில் குளிர்ச்சி இல்லை. கேஸ் ஏற்றி அனுப்பினோம், நாலே நாளில் திரும்பி வந்துவிட்டது. கூலிங் காயிலில் லீக். காயில் ஒன்றும் பெரிய சாமான் இல்லை, ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான். ஆனால் அது உட்கார்ந்திருப்பது டேஷ்போர்டுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள். அதை எடுக்க ஸ்டியரிங், ஏர்பேக், மீட்டர் போர்டு, ஸ்டீரியோ, நடுக் கன்சோல் எல்லாவற்றையும் கழற்றி, டேஷ்போர்டையே இரண்டு பேர் தூக்கி வெளியே வைக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குக் கை வைத்தோம். எல்லாம் திரும்பப் பூட்டி முடிக்க இரவு எட்டாகிவிட்டது.

வண்டிக்காரர் பில்லைப் பார்த்துவிட்டு, "காயில் விலையை விடக் கூலி ஜாஸ்தியா இருக்கே அண்ணே" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார், இடது பக்கம் ஏதோ கடகடவென்று சத்தம் என்று. பார்த்தால் ஒரு கிளிப்பின் காது ஒடிந்திருக்கிறது. ஒரு தடவை அழுத்திப் பூட்டுவதற்காகவே செய்த கிளிப் அது. கழற்றி மாட்டினால் தாங்காது.

நான் தொழில் கற்றது அம்பாசிடரில். பானெட்டைத் திறந்தால் முழங்கை வரை கை தாராளமாகப் போகும். ஏசி வேண்டும் என்பவர்களுக்கு டேஷ்போர்டுக்குக் கீழே தனிப் பெட்டியாகத் தொங்கவிடுவோம். நாலு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். பழைய வண்டிதான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. இப்போதைய வண்டி விபத்தில் ஆளைக் காப்பாற்றுகிறது, மைலேஜ் தருகிறது, நடுரோட்டில் நிற்பது குறைவு. எனக்குள் ஓடுவது ஒரே கேள்விதான். இதை வரைந்த இன்ஜினியர், "இது ஒரு நாள் ஒழுகும், அன்றைக்கு யார் எப்படி இதை வெளியே எடுப்பார்கள்" என்று யோசித்திருப்பாரா?

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். கஷ்டப்பட்டது மட்டும் வேண்டாம். "இதைச் செய்தவர் கட்டாயம் ஸ்பேனர் பிடித்தவர்" என்று தோன்றிய மெஷினையும் சொல்லுங்கள்.

மதுரை, வாஷிங் மெஷின் சர்வீஸ்

அண்ணே, எங்க லைன்லயும் இதேதான். ஃப்ரண்ட் லோடு மெஷின்ல ஆறேழு வருஷத்துல சீல் தேஞ்சு, தண்ணி உள்ள இறங்கி, பேரிங் துருப்பிடிச்சுரும். ஸ்பின் போட்டா ரைஸ் மில் மாதிரி இரையும். முன்னாடி வந்த மெஷின்ல வெளி டப்பு, அதான் டிரம்மைச் சுத்தி இருக்கிற தொட்டி, ரெண்டு பாதியா இருக்கும், சுத்தி ஸ்க்ரூ. கழட்டி, பழைய பேரிங்கைத் தட்டி எடுத்து, புதுசு அடிச்சு, சீல் மாத்தினா சாயங்காலத்துக்குள்ள துணி துவைச்சிறலாம். இப்ப நிறைய மாடல்ல அந்த ரெண்டு பாதியையும் உருக்கி ஒட்டிர்றாங்க. ஸ்க்ரூவே கிடையாது.

போன மாசம் ஒரு டீச்சரம்மா வீட்டு மெஷின். பேரிங், சீல் ரெண்டும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள்ள வரும். கம்பெனில கேட்டா டப்பு செட்டாத்தான் தருவோம்னுட்டாங்க, எஸ்டிமேட் ஒன்பதாயிரம். "அஞ்சு வருஷம்தானே தம்பி ஆச்சு, இன்னும் கொஞ்சம் காசு போட்டா புதுசே வாங்கிறலாமே"ன்னு அந்தம்மா முகம் வாடிப்போச்சு. மனசு கேக்கல. டப்பை ஷாப்புக்குத் தூக்கிட்டு வந்து, ஒட்டுன கோட்டுமேலயே ஹாக்சா பிளேடு போட்டுச் சுத்தி அறுத்தேன். அறுக்குறதுக்கு முன்னாடியே விளிம்புல இருபது ஓட்டை போட்டுக்கணும். இல்லேன்னா திரும்பச் சேர்க்கும்போது ரெண்டு பாதியும் நேரா உக்காராது, டிரம் உரசும். அறுக்க மட்டும் ரெண்டு மணி நேரம். பேரிங் மாத்தி, சிலிகான் தடவி, போல்ட் போட்டு முறுக்கி, ஒரு ராத்திரி காய விட்டேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல.

அந்த இருபது போல்ட்டை ஃபேக்டரியிலயே போட்டிருக்கலாம்ல அண்ணே?

பிரான்ஸ்ல 2021 ஜனவரியில ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின், ஸ்மார்ட்போன், லேப்டாப், டிவிக்கெல்லாம் ரிப்பேர் மார்க் போட்டு விக்கணும்னு சட்டம் கொண்டு வந்தாங்க. பத்துக்கு எவ்வளவுன்னு விலைக்குப் பக்கத்துலயே போடணும்னு சொன்னாங்க. கழட்ட ஈசியா, பார்ட்ஸ் கிடைக்குதா, என்ன விலை, ரிப்பேர் விவரம் குடுக்குறாங்களா, எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் அந்த மார்க். நம்ம மத்திய அரசும் 2022 டிசம்பர்ல ரிப்பேர் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் ஆரம்பிச்சாங்க. கடை வாசல்லயே அந்த மார்க் தெரிஞ்சா, டீச்சரம்மா மாதிரி ஆளுக டப்பு ஒட்டுனதா, ஸ்க்ரூ போட்டதான்னு கேட்டு வாங்குவாங்க.

கோவை மாவட்டம், ஓய்வு பெற்ற அடிபம்பு மெக்கானிக்

ஈரோட்டுத் தம்பி நல்லதையும் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். என் வேலைக்காலம் முழுக்க அடிபம்போடுதான் போனது.

தெருமுனையில் நிற்கிற இந்தியா மார்க் 2 பம்பை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் ஊர்களில் இருந்தது வார்ப்பிரும்பு பம்பு. ஒரு குடும்பம் தன் வீட்டில் வைத்து அடிப்பதற்கென்று வெளிநாட்டில் உண்டான வடிவம். அதை ஊரே வரிசை கட்டி விடியற்காலையிலிருந்து இருட்டும் வரை அடித்தால் எப்படித் தாங்கும்? கைப்பிடியைத் தாங்கும் ஆணி தேயும், கைப்பிடி ஒடியும். 1970-களில் யுனிசெஃப் உதவியோடு மார்க் 2 உருவானது. மாதிரிப் பம்புகளைக் கோவைப் பக்கத்து ஆழமான போர்வெல்களில்தான் போட்டுச் சோதித்தார்கள்.

அந்தப் பம்பின் தலையைத் திறந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கைப்பிடிக்குள் இரண்டு பால் பேரிங், நம்பர் 6204. எந்த டவுன் பேரிங் கடையிலும் கேட்டு வாங்கலாம். கிரீஸ் உள்ளேயே அடைத்தது, வாராவாரம் எண்ணெய் விட ஆள் தேட வேண்டாம். கைப்பிடி நுனியில் வளைந்த தகடு, அதன்மேல் படிந்து இறங்கும் செயின். அதனால் செயினில் தொங்கி பிஸ்டனை இழுக்கும் கம்பி எப்போதும் செங்குத்தாகவே ஏறி இறங்கும், பக்கவாட்டில் இழுத்துத் தேயாது. மேலே உள்ள போல்ட்டுகள் அநேகமாக ஒரே அளவு, 12 மில்லி. 19 ஸ்பேனர் ஒன்று போதும். பொழுது சாய்ந்த நேரத்தில் டூல் பையைத் துழாவிக்கொண்டு நின்றவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

தரைக்குக் கீழே சங்கதி வேறு. குழாய் 32 மில்லி, அதன் அடியில் தொங்கும் சிலிண்டர் கிட்டத்தட்ட அதுபோல் இரண்டு மடங்கு அகலம். பிஸ்டனில் இருக்கும் பக்கெட் வாஷர் தேய்ந்துவிட்டால் பிஸ்டனைக் குழாய் வழியாக மேலே எடுக்க முடியாது. மொத்தக் குழாயையும் வெளியே இழுத்தாக வேண்டும். 30 மீட்டர் ஆழம் என்றால் 3 மீட்டர் குழாய் பத்து, உள்ளே அதே நீளத்துக்குக் கம்பி. இரும்பு மட்டும் நூறு கிலோவுக்கு மேல், கூடவே குழாயில் நிற்கும் தண்ணீர். நாலைந்து பேர், ஒரு வேன், கிளாம்ப், தூக்குகிற ஸ்பேனர்கள் எல்லாம் வேண்டும். குழாயை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது கிளாம்ப் வழுக்கினால் கீழே இருப்பது அத்தனையும் போருக்குள் போய்விடும். மூன்றாவது குழாய்க்கு மேல் யாரும் பேச மாட்டோம். கை காந்தும், கண் கிளாம்பை விட்டு நகராது.

ஒரு சித்திரை வெயிலில் பல்லடம் பக்கத்தில் ஒரு ஊர். குழாய் முழுக்க இழுத்து, சிலிண்டரைத் திறந்து, தேய்ந்த வாஷரைக் கையில் எடுத்தேன். சின்ன டம்ளர் வாய் அளவுத் தோல், ஓரம் கிழிந்து தொங்கியது. குடத்தோடு நின்ற ஒரு அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங், இதுக்குத்தானா மூணு வாரமா உங்க வேனுக்குக் காத்துக் கிடந்தோம்?" என்று கேட்டார். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்து நடந்து அவர் கால் வெடித்திருந்தது. எனக்குப் பதில் வரவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கால் கண்ணில் நிற்கிறது.

பிறகு 1983-லிருந்து கோவை மாவட்டத்தில் சில வருஷம் பம்புகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். உலக வங்கியும் யுனிசெஃபும் சம்பந்தப்பட்ட சோதனை. எந்தச் சாமான் எத்தனை நாளில் தேய்கிறது என்று கணக்கு எழுதினார்கள். எங்கள் வேனோடு வந்த ஒரு இன்ஜினியர் எங்களைப் போலவே வெயிலில் குழாய் தூக்கினார். "இதில் எது உங்களை ரொம்பக் கஷ்டப்படுத்துது?" என்று அவர்தான் முதலில் கேட்டார். என் சர்வீஸில் அப்படி என்னிடம் கேட்டவர் அவர் ஒருவரே.

அந்தச் சோதனையிலிருந்து வந்ததுதான் மார்க் 3. செய்த மாற்றம் கேட்கச் சின்னதாக இருக்கும். சிலிண்டர் அகலத்துக்குக் குழாயையும் அகலமாக்கினார்கள், 65 மில்லி. இப்போது கம்பியை மட்டும் மேலே இழுத்தால் போதும், பிஸ்டன் அப்படியே வந்துவிடும், அடி வால்வும் பின்னாலேயே வரும். குழாய் தரைக்குள்ளேயே இருக்கும். வேன் வேண்டாம். ஒரு மெக்கானிக் டூல் பையோடு சைக்கிளில் போய், ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வாஷர் மாற்றிவிட்டு வரலாம். தோல் வாஷர் போய் நைட்ரைல் ரப்பர் வந்ததும் அந்தக் காலத்தில்தான். அது நெடுநாள் உழைத்தது.

குறையும் உண்டு. அகலக் குழாய் விலை கூட, கனமும் கூட. குழாயே ஓட்டை விழுந்து அதை இழுக்க வேண்டி வந்தால் மார்க் 2-ஐ விடச் சிரமம். ரொம்ப ஆழமான போருக்கு ஒத்துவராது. அதனால்தான் மார்க் 2 இன்னும் நிறைய இடங்களில் நிற்கிறது. ஆனால் அடிக்கடி தேய்கிற சாமான் எதுவோ அதைச் சுலபமாக எடுக்க வழி விட்டார்கள். எப்போதாவது கெடுகிற சாமானுக்குச் சிரமம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

திருநெல்வேலி, மிக்ஸி கிரைண்டர் கடை

ஐயா கடைசியில சொன்னதுக்கு என்கிட்ட ஒரு சாட்சி இருக்கு. மிக்ஸி கப்ளர், மோட்டார் சுத்துறதை ஜாருக்குக் கடத்துற சாமான். "இந்தச் சின்னச் சாமானை ஏன் இப்படி லொடக்குன்னு செஞ்சிருக்காங்க"ன்னு வீட்டுக்காரங்க கோவப்படுவாங்க. ஜாருக்குள்ள மஞ்சள் கிழங்கு மாட்டி பிளேடு நின்னுட்டா, முதல்ல உடையணும்னுதான் அதை அப்படிச் செஞ்சிருக்கு. அது உடையலைன்னா மோட்டார் காயில் கருகும். கப்ளர் விலை சொற்பம், காயில் கட்ட அதுபோல பல மடங்கு. நிறைய மிக்ஸில மரை எதிர்ப்பக்கம் இருக்கும், கடிகாரச் சுத்துல திருப்பினாத்தான் கழலும். அடியில ஃபேனைப் பிடிச்சுக்கிட்டுத் திருப்பணும். தெரியாம மாத்தித் திருப்பி இன்னும் இறுக்கிக் கொண்டு வர்றவங்க உண்டு. கப்ளர் மேல ஒரு அம்புக்குறி போட்டா முடிஞ்சது விஷயம்.

சென்னை, டிசைன் இன்ஜினியர்

எல்லோருடைய அனுபவத்தையும் இரண்டு முறை படித்தேன். நான் அந்தப் பக்கத்து ஆள். ஈரோட்டு அண்ணன் கேட்ட கேள்விக்கு என்னால் முடிந்தவரை நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

பல கார்களில் டேஷ்போர்டைத் தனியாக வெளியே பூட்டி, மீட்டர், வயரிங், ஏசி பெட்டி எல்லாம் சேர்த்து ஒரே உருப்படியாகக் கதவு வழியாக வண்டிக்குள் நுழைத்துப் பொருத்துவார்கள். அசெம்பிளி லைனில் நொடிக்குக் கணக்கு உண்டு. ஸ்க்ரூ முறுக்க ஆகும் நேரத்தில் கால்வாசியில் கிளிப் பூட்டிவிடலாம். அந்த நேரம் எங்கள் மீட்டிங்கில் தினமும் பேசப்படுகிறது. ஐந்து வருஷம் கழித்து ஈரோட்டில் ஆகும் பதினொரு மணி நேரத்தை அந்த மேஜையில் பேச ஆள் இல்லை. தெரியாமல் நடப்பதில்லை அண்ணா. கணக்கில் வராததால் நடக்கிறது.

நான் காரில் வேலை செய்யவில்லை, லேத் மெஷின் டிசைனில் இருக்கிறேன். சேர்ந்த இரண்டாம் வருஷம் கூலண்ட், அதாவது வெட்டும்போது சூட்டைத் தணிக்க ஊற்றும் திரவம், அதன் ஃபில்டருக்கு ஒரு மூடி வரைந்தேன். நாலு ஆலன் ஸ்க்ரூ, தலையில் அறுகோணக் குழி உள்ளது. திரையில் எல்லாம் சரியாக இருந்தது. முதல் மெஷின் தயாரானதும் பூட்டுகிற ஃபிட்டர் ஐயா என்னைக் கூப்பிட்டு, "கொஞ்சம் கையை உள்ள விடும்மா" என்றார். விட்டேன், போனது. பிறகு அவர் தன் கையை விட்டார். முட்டி இடித்து நின்றுவிட்டது. நாற்பது வருஷம் ஸ்பேனர் பிடித்துத் தடித்த கை. ஆலன் கீயை நுழைத்தாலும் கால் சுற்றுக்கு மேல் திருப்ப இடமில்லை. நாலாவது ஸ்க்ரூ கழன்று கூலண்ட் டேங்குக்குள்ளேயே விழுந்தது. அவர் திட்டவில்லை. காந்தத்தைக் கயிற்றில் கட்டி அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, "ராத்திரி ஷிஃப்ட்டுல இப்படி விழுந்தா அவன் எடுக்க மாட்டான், மூணு ஸ்க்ரூவோடயே மூடிடுவான்" என்றார்.

அன்றைக்கே மாற்றினேன். ஒரு பக்கம் கீல், மறு பக்கம் கழன்றாலும் மூடியோடே தொங்கும் இரண்டு ஸ்க்ரூ. பின்பக்க பிராக்கெட்டை 30 மில்லி தள்ளி வைத்தேன். செலவு அநேகமாகக் கூடவில்லை. அதற்குப் பிறகு எந்த டிசைன் என்றாலும் திரையில் ஒரு கையின் மாடலை உள்ளே விட்டுப் பார்க்கிறேன். அந்த ஐயாவின் கையை அளந்து செய்த மாடல். அவரிடம் கேட்டுத்தான் அளந்தேன்.

ஓய்வு பெற்ற ஐயாவுக்கு: வேனில் வந்து குழாய் தூக்கிய அந்த இன்ஜினியர் போல நானும் ஒரு வாரம் சர்வீஸ் வண்டியில் போகிறேன் என்று எங்கள் மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் அனுமதி வரவில்லை. விடப்போவதில்லை.

ஈரோடு, கார் ஒர்க்‌ஷாப்

நன்றி தங்கச்சி. உங்கள் பதிலை ஒர்க்‌ஷாப் பசங்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

ஒரு விஷயம் எழுத விட்டுப்போனது. எல்லாக் காரும் இப்படி இல்லை. சில மாடலில் கிளவ் பாக்ஸை மட்டும் கழற்றினால் போதும், பெட்டியின் பக்கவாட்டில் ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்து பைப்பைக் கழற்றினால் காயில் டிராயர் மாதிரி பக்கவாட்டில் உருவி வந்துவிடும், டேஷ்போர்டைத் தொடவே வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்துவிடும். ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை, செய்திருக்கிறார்கள்.

இரண்டு மாடலையும் அருகருகே படம் எடுத்து வைத்திருக்கிறேன். டேப் வைத்து அளவும் குறித்திருக்கிறேன். கிளிப் ஒடிந்த இடமும் அதில் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த கார் டிசைன் ஆட்கள் யாரிடமாவது காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன்.