ஸ்காலாவில் எழுதிவிட்டுத் தப்பித்தவன் சொல்கிறேன்

2006-ல் வேலைக்கு வந்தவன் நான். கல்லூரியில் சி மொழி எழுதும் டர்போ சியின் நீலத் திரைதான், கன்ட்ரோல் எஃப்9 அழுத்தினால் ஓடும், கடைசி வரியில் விசை அழுத்தும்வரை காத்திருக்கும் கெட்ச் போடாவிட்டால் விடை கண்ணில் படாமலே மறைந்துவிடும். அதற்குத் தீமும் கிடையாது பிளக்கினும் கிடையாது. இப்போது புது லேப்டாப் வந்தால் எடிட்டரை அலங்கரிக்கவே எனக்கு ஒரு சனிக்கிழமை போகிறது.

டீமில் புதிதாக வரும் பசங்க கேட்பார்கள், "அண்ணா, ரஸ்ட் படிக்கவா, கோ படிக்கவா?" எந்த நிரல்மொழி என்று யார் கேட்டாலும் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

2014. ஒரு வாடிக்கையாளருக்குப் பில் கணக்கை வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்க்கிற சர்வீஸ் எழுத வேண்டும். டீமில் ஏழு பேர், எல்லாரும் ஜாவா. லாம்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) கொண்ட ஜாவா 8 அந்த மார்ச்சில்தான் வெளிவந்திருந்தது, வாடிக்கையாளரின் சர்வரில் இருந்ததோ ஜாவா 6. ஜாவா இருக்கும் இடத்திலேயே ஓடும் இன்னொரு மொழி ஸ்காலா; அதன் 2.11 பதிப்பு அந்த 6-லேயே ஓடும் என்பதை ஒரு பெரிய காரணமாகக் காட்டி மேனேஜரைச் சம்மதிக்க வைத்தேன். உண்மைக் காரணம் எனக்கு ஸ்காலா எழுத ஆசை, அவ்வளவுதான். தொள்ளாயிரம் வரியில் முடித்தேன். கம்பைல் ஆவதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாம், 2.10-க்குக் கட்டிய லைப்ரரி 2.11-ல் சேராது, இதெல்லாம் எனக்கு அப்போது குறையாகவே படவில்லை. இம்ப்ளிசிட் என்று ஒன்று உண்டு, கேட்காமலேயே ஒரு தரவு வகையை இன்னொரு வகையாக மாற்றிக் கொடுத்துவிடும். அதை எங்கெல்லாம் நுழைக்க முடியுமோ அங்கெல்லாம் நுழைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து வேறு ப்ராஜெக்டுக்குப் போய்விட்டேன். போகி அன்று ராத்திரி பழைய டீமிலிருந்து போன். "அண்ணா, இந்த ஃபைல்ல ஒரு அண்டர்ஸ்கோர் இருக்கே, அது என்னது?" எந்த அண்டர்ஸ்கோர் என்றேன். "ஒரே வரியில மூணு இருக்குண்ணா, மூணும் வேற வேற மாதிரி தெரியுது." ஸ்காலாவில் அண்டர்ஸ்கோருக்கு இடத்துக்கு ஓர் அர்த்தம். ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன், எழுதிய எனக்கே பத்து நிமிடம் பிடிபடவில்லை. கடைசியில் அவர்கள் அதை ஜாவாவில் திருப்பி எழுதினார்கள், மூவாயிரம் வரிக்கு மேல் வந்ததாம். அதற்குப் பிறகு எனக்கு யாரும் போன் செய்யவில்லை.

அப்புறம் 2018-ல் கோ. இணையமே இல்லாத சர்வரில் ஒரு சின்ன ஏஜென்ட் (பின்னணியில் ஓடும் ப்ரோகிராம்) ஓட வேண்டும், அங்கே ஒரு பேக்கேஜ் ஏற்ற அனுமதி வாங்குவதற்குள் அடுத்த தீபாவளி வந்துவிடும், ஏற்கெனவே இருந்த பைத்தானோ பழைய 2.6. கோ மொழியில் சிகோவை (சி கோடை இணைக்கும் வசதி) அணைத்துவிட்டுக் கட்டினால் ஒரே ஒரு பைனரி (நேராக ஓடும் ஃபைல்), கொண்டுபோய் வைத்தால் ஓடும். எழுதுவது மகா சலிப்பு. நாலு வரிக்கு ஒருமுறை "எர்ரர் இருந்தால் திரும்பு", ஜெனரிக்ஸ் (ஒரே ஃபங்ஷனைப் பல வகைக்கும் பயன்படுத்தும் வசதி) 2022-ல் 1.18 வரும் வரை கிடையாது, ஒரே ஃபங்ஷனை மூன்று வகைக்கு மூன்று தடவை காப்பியடித்தேன். அந்த மொழி எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் டேபா ஸ்பேஸா என்ற சண்டையை, கோடை ஒழுங்குபடுத்தும் கோஃப்எம்டி கருவி ஒரே அடியில் முடித்துவிட்டது, புதிதாக வந்த பெண் மூன்றாம் நாளே பிழை திருத்தினாள், போகிக்கு நான் வீட்டில் இருந்தேன்.

எடிட்டர் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாடிக்கையாளர் சர்வரில் விஐ என்ற பழைய எடிட்டர் மட்டும்தான் இருக்கும் என்பதால் அதன் வாரிசான விம் கற்றேன், ஆசைப்பட்டு இல்லை. முதல் நாள் வெளியே வரத் தெரியாமல் விண்டோவையே மூடிவிட்டேன், மறுநாள் திறந்தால் ஸ்வாப் ஃபைல் (சேமிக்காத வேலையின் நகல்) இருக்கிறது என்று மிரட்டியது. இன்று விஎஸ் கோட் எடிட்டரில் விம் கீகளோடு ஓடுகிறேன். 2016-ல், எடிட்டருக்கு மொழியைப் புரியவைக்கும் லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் வந்த பிறகு எந்த எடிட்டரில் போனாலும் பின்னால் அதே சர்வர்தான் பதில் சொல்கிறது, எனக்குச் சண்டை போடும் தெம்பும் போய்விட்டது.

—

மேலே ஸ்காலா கதையைப் படித்த இன்னொருவன் நான்; எனக்கு மொழியைத் தேர்ந்தெடுத்தது தமிழ்தான். பேச்சுக்குச் சொல்லவில்லை. குறுக்கெழுத்துப் புதிர் ஆப் ஒன்று செய்தேன். "தமிழ்" என்ற சொல்லுக்கு எத்தனை கட்டம்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். பைத்தான் 3 ஐந்து என்கிறது, ஏனென்றால் மேல்விலங்கும் புள்ளியும் அதற்குத் தனித்தனி. கோ மொழியில் லென் (நீளம் சொல்லும் ஃபங்ஷன்) போட்டால் பதினைந்து, அது பைட்டை எண்ணுகிறது. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழிதான் ஒழுங்காக மூன்று என்றது, ஓடிப்போய் அதில் எழுத ஆரம்பித்தேன். பாதி எழுதியபின் "பக்ஷி" வந்தது. க்ஷ-வை அதுவும் இரண்டாக எண்ணுகிறது. ஸ்ரீயும் அப்படியே. சரி என்று எழுத்துப் பட்டியலை நானே போட்டு ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினேன், எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது, இதைப் பைத்தானிலேயே எழுதியிருக்கலாமே! இரண்டு மாதம் போச்சு.

எடிட்டரிலும் அதே பாடு. டெர்மினலில் விம் திறந்தால் கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று கணக்கு வைக்கிறது, நம் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன, கர்சர் ஓர் இடம், அழிவது வேறு இடம். அதனால் தமிழ் உள்ள ஃபைலுக்கு மட்டும் ஈமேக்ஸ் எடிட்டர், 27-ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி வைத்து எழுத்தைக் கோக்கிறார்கள், நன்றாகவே வருகிறது. அதற்கு முன் ஆட்டம் (Atom) என்ற எடிட்டர் வைத்திருந்தேன், நாலு வருடம் செதுக்கிய கான்ஃபிக், 2022 டிசம்பரில் கடையை மூடிவிட்டார்கள். அந்த ஃபோல்டரை இன்னும் அழிக்க மனசு வரவில்லை.

—

நீங்களெல்லாம் தேர்ந்தெடுத்த கதை சொல்கிறீர்கள், எனக்கு அந்தப் பாக்கியமே இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு மென்பொருள். எல்லாம் விபி6 (விஷுவல் பேசிக் 6), பின்னால் ஆக்சஸ் டேட்டாபேஸ். அந்த ஐடிஇக்கு (எழுதிக் கட்டும் கருவிக்கு) 2008-லேயே ஆதரவு நிறுத்தியாகிவிட்டது, ஆனால் அதில் கட்டிய எக்ஸ்இ இன்றைய விண்டோஸிலும் ஓடுகிறது. நான் வேலை செய்வது விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஒரு போலிக் கணினி) பழைய விண்டோஸ் எக்ஸ்பி போட்டு. அதில் மவுஸ் சக்கரம் சுற்றினால் திரையில் ப்ரோகிராம் நகராது, அதற்குத் தனியாக ஒரு ஆட்-இன் போட வேண்டும். இது தெரியாமல் முதல் வாரம் மவுஸ் ரிப்பேர் என்று புதிது வாங்கினேன், சிரிக்காதீர்கள்.

போன வருடம் ஒரு முதலாளியிடம் எல்லாவற்றையும் சி ஷார்ப்பில் புதிதாக எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "பில்லு எஃப்2-ல வருமா?" என்றார். வர வைக்கலாம் என்றேன். "இப்ப வருதுல்ல?" என்றார். அவருடைய கணக்குப்பிள்ளை அம்மா கீபோர்டைப் பார்க்காமலே ஒரு நாளைக்கு இருநூறு பில் போடுவார், மவுஸைத் தொட்டதே இல்லை. நான் பேசாமல் வந்துவிட்டேன்.

ஸ்காலா அண்ணா, அந்த மூன்று அண்டர்ஸ்கோரும் என்னதான் அது? ஸ்கிரீன்ஷாட் இருந்தால் போடுங்கள்.

—

இருக்கிறது. போட மாட்டேன்.