எங்கே போகிறார்கள் என்று கேட்டபோது

மதுரையிலிருந்து

எங்கள் வீட்டில் சாவைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த வார்த்தையை எடுத்தாலே பாட்டி வாயைப் பொத்திவிடுவாள். அதனாலோ என்னவோ, மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பா போனபோது சின்ன வயதிலிருந்து கேட்காமல் விட்ட கேள்விகள் எல்லாம் மொத்தமாக வந்து தொண்டையில் நின்றன. நீர்மாலை, வாய்க்கரிசி, கொள்ளிக்குடம் என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்தேன். தோளில் குடத்தோடு சுற்றி வரும்போது சுற்றுக்கு ஓர் ஓட்டையாகப் போட்டார்கள், தண்ணீர் முதுகில் சில்லென்று வழிந்தது. அன்றைக்கு நிஜமாக நடந்ததாக எனக்கு நினைவிருப்பது அந்தக் குளிர் ஒன்றுதான்.

தத்தனேரி சுடுகாட்டில் விறகும் வரட்டியும் அடுக்கி, வைக்கோல் பரப்பி, மேலே களிமண் பூசி மூட்டம் போட்டார்கள். மறுநாள் காலையில் பால் ஊற்றப் போனோம். அங்கே வேலை பார்க்கிற பெரியவர் தண்ணீர் தெளித்துச் சாம்பலை ஒதுக்கிவிட்டு, "கால்ல இருந்து பொறுக்குங்க தம்பி, தலை கடைசில" என்றார். எலும்பு அவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கிளிஞ்சல் மாதிரி வெள்ளையாக, கையில் எடுத்தால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அப்பாவுக்கு இடது முழங்காலில்தான் வலி, இரண்டு வருடம் ராத்திரி ராத்திரி நான்தான் தைலம் தேய்ப்பேன். இதில் அந்த முழங்கால் எது என்று தேடினேன். தெரியவில்லை.

அப்போதுதான் கேட்டுவிட்டேன். "ஐயா, நீங்க தினமும் பார்க்குறீங்க. இவங்கல்லாம் எங்க போறாங்க?"

மாமா முழங்கையால் இடித்தார். பெரியவர் கோபப்படவில்லை. கையிலிருந்த தகரக் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அது எனக்குத் தெரியாது தம்பி. உங்கப்பா ராத்திரி மூணு மணி வரைக்கும் வெந்தாரு. நான் பக்கத்துலயேதான் இருந்தேன். தனியா விடல."

நான் கேட்டதற்கு அது பதிலா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அதுவரைக்கும் எனக்கு ஒரு சொட்டு வரவில்லை.

அப்புறம் பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து, ஒரு நாள் சும்மா நடந்து போகும்போது சொக்கப்ப நாயக்கன் தெருவில் ரமண மகரிஷி சின்ன வயதில் இருந்த வீட்டுக்குள் போனேன். மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில்தான். எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. 1896 ஜூலையில், பதினாறு வயதுப் பையன் வேங்கடராமனாக அவர் அந்த மாடி அறையில்தான் திடீரென்று மரண பயம் பிடித்து, பிணம் மாதிரி விறைத்துப் படுத்து, மூச்சை அடக்கி, "இந்த உடம்பு செத்துவிட்டது, நானும் செத்துவிட்டேனா?" என்று தனக்குள் பார்த்தது. இந்தக் கதை மதுரையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அன்றைக்கு நெஞ்சில் பட்டது அதற்கு முந்தின கதை. 1892இல் அவருடைய அப்பா திருச்சுழியில் இறந்தபோது பையனுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா போய்விட்டார் என்கிறார்கள், அப்பா இங்கேதானே படுத்திருக்கிறார், அப்படியென்றால் போனது எது என்று யோசித்திருக்கிறான். நான் நாற்பது தாண்டிக் கேட்டதை அவன் பன்னிரண்டில் கேட்டுவிட்டான். கேட்டு நாலு வருடம் உள்ளேயே வைத்திருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம், யாரும் எழுதி நான் படித்ததில்லை. அந்த ஜூலைக்கு ஆறு வாரம் கழித்து வீட்டை விட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்துவிட்டார். கையில் கட்டி வந்து, 1950இல் உடம்பு போகப்போகிறது என்று சுற்றியிருந்தவர்கள் அழுதபோது, "நான் எங்கே போவது? இங்கேதான் இருக்கிறேன்" என்றாராம். மறுபடியும் அதே 'எங்கே'.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் பாயைப் போட்டு நானும் அப்படிப் படுத்துப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, அதை மறைக்காமல் சொல்கிறேன். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நான் செத்துக் கிடப்பதாக எவ்வளவு முயன்று நினைத்தாலும், அந்தப் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஆளை மட்டும் என்னால் படுக்க வைக்க முடியவில்லை. இது வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து

எனக்கு நடந்ததில்லை, ஆனால் 'எங்கே போகும்' என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். நான் நர்ஸ். நைட் டூட்டியில் ஒரு தாத்தா, நுரையீரல் கெட்டுப்போய் ஆக்ஸிஜனில் இருந்தார். கிணறு வெட்டுகிற வேலை பார்த்தவர். ராத்திரி ஒரு மணி இருக்கும், மாஸ்க்கைத் தூக்கிவிட்டு, "ஏம்மா, எங்க சுத்துவட்டாரத்துல இருபத்திரெண்டு கெணத்துல ஊத்துக்கண்ணு எந்த மூலையில இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் செத்தா அது எங்க போகும்?" என்றார்.

"அப்படியெல்லாம் பேசாதீங்க தாத்தா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லத்தான் எங்களுக்கு வாய் வரும். நானும் அதைத்தான் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பல் எனக்குப் பொறுக்கவில்லை. போய் ஒரு பழைய கேஸ் ஷீட்டை எடுத்து வந்து, பின்பக்கத்தைத் திருப்பி, "சரி, சொல்லுங்க தாத்தா, முதல் கெணறு யாரோடது?" என்று உட்கார்ந்தேன். மூச்சு விட்டு விட்டு, நடுநடுவே மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, ஈசானி மூலை, கீழ்புறம், ஏழாவது படிக்குக் கீழே பாறை வெடிப்பு என்று பதினான்கு கிணறு வரைக்கும் சொன்னார். மீதி எட்டு அவரோடு போய்விட்டது. அந்தத் தாளைப் பேரனிடம் கொடுத்தேன். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், அதை வைத்து என்ன செய்வானோ. ஆனால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், நான் பார்த்தேன்.

கோவையிலிருந்து

இந்தக் கேள்விகளை யாரும் அடக்கக் கூடாது என்பதில் எனக்கும் சம்மதம்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இருபத்தைந்து வயதில் 'எதற்கு இருக்கிறோம்' என்ற கேள்வி மூன்று மாதம் விடாமல் பிடித்துக்கொண்டது. பெரிய தேடல் என்றே நினைத்தேன். சாப்பாடு இறங்கவில்லை, குளிக்கப் பிடிக்கவில்லை. அக்காதான் இழுத்துக்கொண்டு போய் ஒரு மனநல மருத்துவரிடம் உட்கார வைத்தாள். நான் அரை மணி நேரம் தத்துவம் பேசினேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "கடைசியா ஒரு ராத்திரி முழுசாத் தூங்கினது எப்போ?" என்றார். எனக்கு நினைவில்லை. மாத்திரை கொடுத்து, "கேள்வியை விட்டுடுங்கன்னு நான் சொல்லலை, மொதல்ல தூங்குங்க" என்றார். இப்போதும் அந்தக் கேள்வி வரும், இட்லி சாப்பிட்டுக்கொண்டே யோசிப்பேன். அப்படி ராத்திரி முழுக்க முழித்துக் கிடக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து ஒரு டாக்டரைப் பாருங்கள், தனியாகக் கிடக்காதீர்கள்.

மதுரையிலிருந்து, மறுபடியும்

அந்தப் பெரியவரை அப்புறம் பார்த்தீர்களா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். முதல் வருடத் திதி கொடுத்துவிட்டு ஒரு வேட்டியும் துண்டும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் தத்தனேரி போனேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எத்தனை பேருக்கு எத்தனை பிள்ளைகள், எப்படித் தெரியும்? ஒரு மூட்டத்துக்குப் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தார். வேட்டியை நீட்டினேன். வாங்கவில்லை. "கொஞ்சம் இருங்க தம்பி, இந்தம்மாவுக்கு இப்பதான் தீ பிடிச்சிருக்கு" என்றார்.

அவருக்குப் பக்கத்திலேயே நானும் உட்கார்ந்தேன். திரும்பி வரும்போது மணி பத்து ஆகிவிட்டது.